பழி ஓரிடம், பழுது ஓரிடம்

1

பழைய பெட்ரோல் கார் ஒன்று. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. மிதித்தால் பிக்கப் இல்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுகிறார். திரையில் 'பி0303' என்று வருகிறது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அதற்குப் பொருள். மெக்கானிக் நிமிர்ந்து சொல்கிறார்: "மூணாவதுல மிஸ்ஸிங் சார். இன்ஜெக்டர் போயிருக்கு."

இதில் முதல் வாக்கியம் கார் சொன்னது. இரண்டாவது மெக்கானிக் சேர்த்துக்கொண்டது. இரண்டும் ஒரே மூச்சில் வருவதால் ஒரே செய்தி போலக் கேட்கிறது. உண்மையில் அந்தக் காரின் கணினிக்கு இன்ஜெக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவது சிலிண்டர் எரிந்து தள்ளவேண்டிய நேரத்தில் அந்த வேகம் கொஞ்சம் தளர்ந்தது. திரும்பத் திரும்பத் தளர்ந்தது. கணினிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏன் தளர்ந்தது? பெட்ரோல் போதுமான அளவு வரவில்லையா? பிளக்கில் பொறி வரவில்லையா? காயில் செத்துவிட்டதா? வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விட்டதா? எலி வயரைக் கடித்துவிட்டதா? 'பி0303' இதில் எதையும் சொல்லவில்லை. அது ஓர் இடத்தை மட்டும் சுட்டிக்காட்டுகிறது.

'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பழுது தெரிகிற இடம் ஒன்றாகவும், அது பிறந்த இடம் வேறாகவும் இருக்கலாம். நடுவில் இருக்கும் தூரத்தை நடந்து பார்க்காமல் முதலில் கண்ணில் பட்டதைக் கழற்றி எறிவது தொழில்நுட்பக் குறை மட்டும்தானா, அறக்குறையும்கூடவா? எனக்கு இரண்டாவது என்றே படுகிறது. ஏனென்றால் அந்தத் தூரத்தை நடக்காமல் விட்டால் யாரோ ஒருவர் அதற்குப் பணம் கட்டுகிறார். பெரும்பாலும் கட்டவேண்டியவர் அல்ல.

2

இந்தக் கேள்வியை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் வைத்துப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 1998-இல் சான்ட்ரோ அங்கிருந்துதான் வந்தது. ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து 2010-இல் திறந்த ஆலை, அதே வட்டாரத்தில் டெய்ம்லரின் லாரிகள், ராயல் என்ஃபீல்டின் புல்லட்டுகள். டீசல் வண்டிகளுக்கான இன்ஜெக்‌ஷன் கருவிகள்கூட இங்கேயே மண்ணூரிலும் ஒரகடத்திலும் டெல்ஃபி-டிவிஎஸ் ஆலைகளில் உருவாகின்றன.

இந்தச் சாலையில் புது கார்கள் டிரெய்லரில் ஏறிப் போகும். பழைய கார்கள் கயிறு கட்டி இழுக்கப்பட்டு தகர ஷெட்டுகளுக்கு வரும். ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் கேப்களும் வேன்களும் அவற்றில் நிறைய உண்டு. நாலு டீசல் இன்ஜெக்டர்களை மாற்ற ஒருவர் எஸ்டிமேட் போட்டால் அது ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். 'இன்ஜெக்டர் போயிருக்கு' என்பது இங்கே சாதாரண வாக்கியம் கிடையாது. தவறாகச் சொல்லப்பட்டால் அது ஒரு குடும்பத்தின் ஒரு மாதம்.

3

நல்ல மெக்கானிக்குகள் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கிற வண்டி என்றால், மூன்றாவதின் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போடுவார்கள். ஒன்றாவதின் காயில் மூன்றாவதுக்கு. வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேனர். கோடு 'பி0301' என்று மாறியிருந்தால் காயில்தான் குற்றவாளி, அது போன இடத்துக்கெல்லாம் பழுதும் போகிறது. மாறாமல் 'பி0303' என்றே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்குகள்.

இன்ஜெக்டரின் முறை அதற்கப்புறம்தான். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து கைப்பிடியைக் காதில் வைத்தால், டிக் டிக் என்று வால்வு திறந்து மூடுவது கேட்கும். கேட்டால் மின்சாரம் வருகிறது, வால்வும் அசைகிறது. கேட்காவிட்டால் மீட்டரை வைத்து காயில் மின்தடையைப் பார்க்கலாம். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜெக்டர்களில் 12 முதல் 16 ஓம் இருக்கும். சத்தம் வந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லையென்றால் மட்டும் ரெயிலைத் தூக்கி இன்ஜெக்டர்களை இடம் மாற்றிப் பார்ப்பது. அப்படியே நுனியில் கசடு படிந்திருந்தாலும் டெஸ்ட் பெஞ்சில் போட்டுச் சுத்தம் செய்தால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். விலை குறைந்த சந்தேகத்திலிருந்து விலை கூடிய சந்தேகத்துக்கு நகர்கிற வரிசை இது. இந்த வரிசையிலேயே ஒரு மரியாதை இருக்கிறது. அடுத்தவர் பணத்துக்கும், குற்றம் சாட்டப்பட்ட பொருளுக்கும்.

இந்தச் சோதனை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பழுது ஆளோடு போகிறதா, இடத்திலேயே நிற்கிறதா?

காரிலிருந்து இந்தக் கேள்வியைக் கழற்றி, அந்தக் கார் பிறந்த அசெம்பிளி லைனில் மாட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு ஆலை, ஏதோ ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கனெக்டர் அடிக்கடி சரியாக உட்காராமல் போகிறது. 'நைட் ஷிஃப்ட்ல நிக்கிற அந்தப் பையன் தூங்கி வழியிறான்' என்று சூப்பர்வைசர் முடிவு கட்டுகிறார். பையனை நிறுத்திவிட்டு இன்னொருவரைப் போடுகிறார்கள். கனெக்டர் மறுபடியும் கழல்கிறது. இப்போது சோதனை தன் விடையைச் சொல்லிவிட்டது. ஆள் மாறியும் பழுது நகரவில்லை. வெளிச்சம் போதவில்லையோ, ஜிக் தேய்ந்துவிட்டதோ, அந்த வேலைக்குக் கொடுத்த விநாடிகள் போதவில்லையோ. பார்க்க வேண்டியது அந்த இடத்தை.

எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் இதை விளையாட்டாகவே செய்து காட்டினார். ஒரு பெட்டி நிறைய மணிகள், ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. குழிகள் உள்ள துடுப்பால் அள்ளி வெள்ளை மணிகளை மட்டும் கொண்டுவர வேண்டும் என்று 'தொழிலாளிகளுக்கு' உத்தரவு. சிவப்பு குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகமாக வந்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவர் திட்டு வாங்குவார். எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிடும். பெட்டியில் சிவப்பைப் போட்டது அள்ளியவர் இல்லையே. டெமிங்கின் பெயர் நமக்குத் தொலைவில் இல்லை. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் விருது வாங்கியது, இந்தியாவில் முதலாவதாக. அவருடைய பாடம் இந்த ஊருக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

4

இன்னொரு சிக்கல் இருக்கிறது. விளக்கு எரிந்த நாள்தான் பழுது தொடங்கிய நாள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

காமன் ரெயில் டீசல் இன்ஜின்களில் எரிபொருள் ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் போகிறது. இன்ஜெக்டர் நுனியில் இருக்கும் துளைகள் தலைமுடி அளவு. இவ்வளவு நுட்பமான பொருளை நூறு சதவீதம் ஒரே மாதிரி செய்ய முடியாது. அதனால் பல வகைகளில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் ஆலையிலேயே சோதித்து, அதன் விலகலை எண்ணும் எழுத்துமாக அதன் தலையில் பொறித்துவிடுகிறார்கள். அந்தக் குறியீட்டைக் கணினியில் ஏற்றினால், இவன் கொஞ்சம் அதிகம் ஊற்றுவான், அவன் கொஞ்சம் குறைவு என்று தெரிந்து அதற்கேற்ப அது ஆணையிடும். பிறவிக் குறையோடு ஒருவரை ஏற்றுக்கொண்டு வேலை வாங்குகிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

வயதான பின்னும் கணினி இதையே தொடர்கிறது. ஒரு சிலிண்டர் ஐடிலில் தளர்ந்தால் அதற்கு டீசலைக் கூட்டிக் கொடுக்கும், மற்றவற்றில் குறைத்துச் சமன் செய்யும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. திருத்தத்தின் எல்லை வரும்வரை வண்டி சீராக இருப்பதாகவே தோன்றும். எல்லை தாண்டிய அன்று விளக்கு எரிகிறது. 'நேத்துவரை நல்லாத்தான் இருந்துச்சு' என்கிறோம். நேற்றுவரை யாரோ ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் திருத்த அளவையும் பார்த்தால் மாதக்கணக்காக எது சுமந்தது, எது சுமக்கப்பட்டது என்று தெரியும். விளக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

மனிதர்களிலும் சரிந்து விழுபவர் பலசமயம் பலவீனமானவர் கிடையாது. அதிக நாள் ஈடுகட்டியவர். ஆள் குறைந்த லைனில் இரண்டு பேர் வேலையைப் பார்த்த பெண், விடுப்பு எடுக்காத டிரைவர், வீட்டின் எல்லாக் கணக்கையும் தன் தூக்கத்திலிருந்து கட்டிய அம்மா. அவர்கள் தளர்கிற நாளில்தான் அலாரம் அடிக்கிறது. அடித்த இடத்தில் அவர்கள் நிற்பதால் பழியும் அவர்கள்மேல் விழுகிறது.

5

ஒரு டீசல் கேப் ஷெட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, கரும்புகை வருகிறது. மெக்கானிக் நாலு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி நாலு சின்ன பாட்டில்களில் விடுகிறார். இன்ஜின் ஓட ஓட மூன்று பாட்டில் மெதுவாக நிறைகிறது, ஒன்று மட்டும் கடகடவென்று. அந்த நாசில் உள்ளே கசிந்து திருப்பி அனுப்புகிறது. சந்தேகமே இல்லை, அது பழுது.

இங்கே நிறுத்தலாம். பலர் நிறுத்துவார்கள். ஆனால் ஏன் கெட்டது? ஃபில்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீர். ஏன் தண்ணீர்? வடித்துவிடவில்லை, ஃபில்டரும் மாற்றி வெகுநாள் ஆகிறது. ஏன் மாற்றவில்லை? சர்வீஸுக்கு விட்டால் ஒரு நாள் டிரிப் போகும். டிரிப் போனால் கம்பெனிக்கு வண்டி எடுத்துவிடும் வெண்டர் பிடித்தம் செய்வார். ஏன் பிடிக்கிறார்? ஒப்பந்தத்தில் வண்டி வராத நாளுக்கு அபராதம் உண்டு, பராமரிப்பு நாள் என்று ஒன்று கிடையாது. ஏன் இல்லை? யாரும் எழுதவில்லை.

பாட்டிலில் ஆரம்பித்தது ஒப்பந்தத் தாளில் போய் நிற்கிறது. ஐந்து முறை 'ஏன்' கேட்கும் இந்தப் பழக்கத்தை டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ பிரபலமாக்கினார். 1978-இல் வந்த தன் புத்தகத்தில் அவர் சொல்லும் உதாரணத்தில் ஒரு இயந்திரம் நின்றுபோகிறது. ஃபியூஸ் போனதால். ஃபியூஸ் போனது அதிகச் சுமையால். சுமை கூடியது பேரிங்குக்கு எண்ணெய் போதாததால். எண்ணெய் போதாதது பம்ப் சரியாக இழுக்காததால். பம்ப் இழுக்காதது அதன் தண்டு தேய்ந்ததால். தேய்ந்ததற்குக் காரணம், சல்லடை வைக்காமல் விட்டதால் உலோகத்துகள் உள்ளே போனது. முதல் ஏனோடு நின்றிருந்தால் ஃபியூஸை மாற்றியிருப்பார்கள். சில மாதத்தில் அதுவும் போயிருக்கும்.

நம் கேப்புக்கும் இதே கதைதான். அழுக்கு டீசல் அப்படியே இருக்க நாசிலை மட்டும் மாற்றினால் புதிதும் கெடும். பம்பே தேய்ந்து உலோகத்தூள் ரெயிலுக்குள் வந்துகொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். டிரைவர் இரண்டு முறை பணம் கட்டுவார்.

6

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. ஏன் ஏன் என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஆதாமும் ஏவாளும் வரை போகலாம். எல்லாவற்றுக்கும் 'சிஸ்டம் சரியில்ல' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. அந்த டிரைவர் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடித்திருக்கலாமே? அதற்கு ஐந்து நிமிடம் போதுமே?

வடித்திருக்கலாம்தான். அவர் பங்கு அவருக்கு உண்டு. கெட்ட நாசில் கெட்டதுதான் என்பதையும் எந்தச் சமூக விளக்கமும் மாற்றாது, அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓனோவின் உதாரணத்திலேயே ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர் பிரபஞ்சத்தின் தோற்றம்வரை போகவில்லை. சல்லடை வைக்கக்கூடிய இடம் வந்ததும் நின்றார். அதுதான் அளவுகோல்: ஒரு சல்லடை வைத்தால் இது மறுபடி நடக்காது என்கிற இடம், அதை வைக்கக் கையெட்டுகிற ஆள். பொறுப்பின் பெரும்பங்கு அங்கே. டிரைவருக்கு ஒரு சர்வீஸ் என்பது ஒரு நாள் கூலி. ஒப்பந்தம் எழுதுகிறவருக்கு அது ஒரு வரி. விபத்துகளின் செலவை யார் ஏற்பது என்று ஆராய்ந்த கீடோ கலாப்ரேசி என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர், குறைந்த செலவில் தடுத்திருக்கக்கூடியவரைத் தேடச் சொன்னார். அவர் செலவைப் பார்த்தார். நான் அதோடு கையெட்டும் தூரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பெரிய காரணங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். இப்போது பழைய பெட்ரோல் கார் எது மக்கர் செய்தாலும் 'எத்தனால்தான்' என்கிறோம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, இரண்டே ஆண்டில் சாதாரண பங்குகளில் வேறு தேர்வே இல்லை என்கிற நிலைக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது, டேங்கில் பல வருடமாகப் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கும் இன்ஜெக்டருக்கும் அனுப்பும். எல்லாம் உண்மை. ஆனாலும் உங்கள் காரின் மூன்றாவது சிலிண்டரில் நடந்தது அதுதானா என்பது தனிக் கேள்வி. கழற்றிப் பார்க்காமல் 'எத்தனால்' என்பதும், கழற்றிப் பார்க்காமல் 'இன்ஜெக்டர்' என்பதும் ஒரே சோம்பல்தான். முதலாவது முற்போக்காகக் கேட்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

கழற்றிப் பார்த்து அதுதான் என்று தெரிந்தால்? அப்போது சல்லடைக் கேள்வி. கார் உரிமையாளருக்குக் கையெட்டாது, பங்கில் வேறு பெட்ரோல் இல்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்குகளில் அளவை எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. சட்டம் அங்கே நின்றுவிட்டது. பில் மட்டும் தகர ஷெட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

7

மெக்கானிக்கின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. புது நாசில் மாட்டினால் அதில் லாபம் உண்டு, லேபர் சார்ஜ் உண்டு. இரண்டு மணி நேரம் காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு 'இன்ஜெக்டர் நல்லாருக்கு, வயர்தான் கட்டு, டேப் சுத்திட்டேன்' என்று சொன்னால் 'டேப் சுத்துனதுக்கா இவ்ளோ?' என்று நாமே பேரம் பேசுவோம். அவர் முதல் ஏனிலேயே நிற்பதற்கு நம் பேரமும் ஒரு காரணம். தெரிந்துகொள்வதற்கு ஆகும் நேரத்துக்குக் கூலி கொடுக்க மறுக்கும் ஊரில் அவசரத் தீர்ப்புகள்தான் கிடைக்கும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் நோய், நோயின் மூலம், தீர்க்கும் வழி என்று வரிசை வைத்த குறள் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த குறளை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. நோயாளியின் நிலை என்ன, நோயின் அளவு என்ன, காலம் என்ன என்று மூன்றையும் மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது அது. பழைய காருக்கு இது அப்படியே பொருந்தும். வண்டியின் வயது, பழுதின் அளவு, கொண்டுவந்தவரின் பை. எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் வாலாஜாபாத் சாலையோரம் ஷெட் வைத்திருக்கிறார். ஒருமுறை கேப் டிரைவர் ஒருவரிடம் அவர் பேசியது இது: "தம்பி, நாலையும் மாத்தச் சொல்லமாட்டேன். ஒண்ணுதான் போயிருக்கு. அத பண்ணிக்குடுக்குறேன், ஃபில்டர் மாத்துறேன், டேங்க்க எறக்கிக் கழுவிடலாம். ஆனா ஏன் போச்சுன்னு தெரியாம பில்லு போட்டா அது எனக்கு ஒட்டாது. இன்னும் ஒரு நாள் வண்டிய விடு." டிரைவர் யோசித்தார். ஒரு நாள் என்பது அவருக்கு என்ன என்று அண்ணனுக்கும் தெரியும். "நாளைக்கு டிரிப்புக்கு என் தம்பி வண்டிய எடுத்துட்டுப் போ" என்றார்.

அறம் என்று நாம் பெரிதாகப் பேசுவது நடைமுறையில் இப்படித்தான் வரும்போலிருக்கிறது. உண்மையைத் தேட ஒரு நாள் கேட்பது, அந்த ஒரு நாளின் செலவில் ஒரு பங்கைத் தானும் ஏற்பது.

8

ஸ்கேனரில் மிகச் சுலபமான வேலை கோடை அழிப்பது. இரண்டு பட்டனை அழுத்தினால் மஞ்சள் விளக்கு அணைந்துவிடும், இன்ஜினுக்குள் எதுவும் மாறியிருக்காது. பழைய காரை விற்பவர்களில் சிலர் வாங்குபவர் வருவதற்கு முன் இதைச் செய்வதுண்டு. விவரமானவர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கோடை அழித்தால் கணினி தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த பதிவுகளும் சேர்ந்து அழியும், மறுபடி நிரம்பச் சில நாள் ஓட்டம் வேண்டும். அவை காலியாக இருந்தால் யாரோ சமீபத்தில் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஸ்டேஷனில் நின்ற பையனை வீட்டுக்கு அனுப்புவதும் கோடு அழிப்பதுதான். விளக்கு அணைகிறது. மேலே போகும் அறிக்கையில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்கிறது.

ஆனால் மனிதர்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனை கடினமானது, அதற்கு வசதி இல்லை என்று இனி யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து ஓடும் லைன்களில் அந்தச் சோதனை தினமும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் ஒரு வருடத்தில் ஐந்து பேர் வந்து போயிருந்தால், ஐந்து முறை காயிலை மாற்றிப் பார்த்தாயிற்று. பழுது நகர்ந்ததா, அங்கேயே நிற்கிறதா என்பது ஹெச்ஆர் அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. திறந்து வாசிக்கத்தான் ஆள் வேண்டும்.